கசக்கிக் கொடுத்த துணி

எங்கள் மாடியில் யாரும் யாரையும் நம்புவதில்லை. செருப்பைக் கழற்றினால் வீட்டுக்குள்ளே எடுத்து வைப்போம். குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் போனால் போனவர் கண் வாளி மேலேயே இருக்கும். கடைசி வீட்டு ஓட்டுநர் பால் பாக்கெட்டை வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான். தையல்காரிக்குச் சந்தேகம் இருந்தால்தான் அளவு சரியாக வரும். வந்தவள் வாயால் சொல்கிற இடுப்பளவை நம்பித் துணியை வெட்டினால் என் பிழைப்பு என்ன ஆவது?

அப்படிப்பட்ட மாடியில் எல்லோரும் நம்பிய ஒரே ஆள் என் பக்கத்து வீட்டு மடிப்புக்காரர். தெருமுனை இஸ்திரிக் கடை அவர்களுடையது. கல்லாவில் மனைவி, மேசையில் அவர். செய்தித்தாளைப் படித்து முடித்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரலால் நீவித்தான் வைப்பார். அதனால் அந்தப் பெயர். அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணி என்னைக் கேலியாக நாத்தனாரே என்று கூப்பிடுவாள், கூப்பிட்டுவிட்டு ஒரு வேலையும் வைப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் மிஷினில் உட்கார்ந்த நேரம், மடிப்புக்காரர் என் வாசலில் வந்து நின்றார். இடது கையில் ஒரு சட்டை. வலது கை பாக்கெட்டுக்குள். அந்தக் கையை இப்போதெல்லாம் அவர் வெளியே விடுவதில்லை.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் மோந்து பாரு."

"எதுக்குண்ணே?"

"எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல பாரு."

முகர்ந்தேன். துவைத்த சட்டையில் வேறு என்ன வரப்போகிறது?

"சோப்பு வாசனைதான்."

"எந்த சோப்பு?"

"நீங்க வீட்ல போடுறதுதான். எலுமிச்சை வாசம்."

"இது எங்க வீட்டுச் சட்டை இல்ல தங்கச்சி. கடைக்கு வந்தது."

சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய் இன்னொரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு மேசை விரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார். ஒரு கையால் கொண்டு வருவதால் நடை அதிகம். எல்லாவற்றிலும் அதே எலுமிச்சை.

"பத்து வீட்டுத் துணி. பத்து வீட்லயும் ஒரே சோப்பா?"

"கடையில தள்ளுபடி போட்டிருப்பான்."

"சரி, அதை விடு. உன் வீட்ல துணி காஞ்சிதா?"

"எங்க காயுது? மின்விசிறிக்கு அடியில போட்டு, அதுவும் ஊறின வாடை வருது."

"ஊரே ஊறிக் கிடக்கு. மழைக்காலத்துல கடைக்கு வர்றதுல பாதி ஈரமாத்தான் வரும். இஸ்திரிப் பெட்டியால ஈரத்தை ஓட்டுறதே பெரிய வேலை. எனக்கு வர்ற மூட்டை மட்டும் மொறமொறன்னு வருது. எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் ஏன் என்னிடம் வந்து கேட்கிறார் என்பது தெரிந்தது. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கப் பயம்.

போன கோடையில் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி யாரோ ஒருவருடைய கால்சட்டை மேல் நின்றபடியே இருந்ததாம், அது புகைந்து தெருவில் போனவர்கள் ஓடி வந்தார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது. வலது கை மட்டும் கரண்டி பிடிக்கும், இஸ்திரிப் பெட்டி பிடிக்காது. கடைக்கு நெட்டையன் என்று ஒருவனை அண்ணி சம்பளத்துக்கு வைத்தாள். நாற்பது வயதுக்காரன், வாசலில் குனிந்து வருகிற உயரம், பேச்சு குறைவு, வேலை வேகம்.

மடிப்புக்காரர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் அது மட்டும்தான். நான் எதற்காவது எட்டிப் பார்த்தால் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். "பசிக்கலைங்கறாரு. பசி எப்படி வரும், எழுந்து நடந்தாத்தானே?" என்று அண்ணி என்னிடம் புலம்பினாள். அவர் இப்படியே போய்விடுவாரோ என்று எனக்கே பயமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அண்ணி ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, கனம் குறைந்த இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தாள். சாயங்காலம் கடையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவருவாள். மறுநாள் பகலெல்லாம் அவர் இடது கையால் அதைத் தேய்ப்பார். அடுத்த காலையில் அவள் எடுத்துப் போவாள். கொஞ்ச நாளில் எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம், கொஞ்சம் மௌனம், மறுபடி அந்தச் சத்தம். அவர் தேய்க்கிற நாளில் என் மிஷினும் நன்றாக ஓடியது. முட்டை ஒன்று போதாது, இரண்டாகப் பொரித்து வைத்துவிட்டுப் போ என்று அவர் சண்டை போட்டது சுவர் வழியே கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலமானால் அண்ணியின் குரல் கேட்கும். வக்கீல் வந்தாரு, உங்க மடிப்புதான் மடிப்புன்னாரு. பேங்க்காரர் உங்களைக் கேட்டாரு. இப்படி ஏதாவது ஒன்று தினமும் இருக்கும்.

எங்கள் மாடி இதோடு விடுமா? அண்ணி கடையை அடைக்கத் தாமதிக்கிறாள், ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, நெட்டையனும் உள்ளேதான் இருக்கிறான் என்று ஓட்டுநர் மனைவி படியில் நின்று சொன்னாள். எல்லோரும் கேட்டோம். நானும்தான்.

"அவ கை ஊறிப்போய் வருது தங்கச்சி," என்றார் மடிப்புக்காரர். விரிப்பைத் தன் மடியில் வைத்து ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தார். "விரல் நுனியெல்லாம் சுருங்கி, வெளுத்து. இஸ்திரிக் கடையில தண்ணி தெளிக்கத்தான் வேலை. கை ஊற என்ன வேலை?"

"பாத்திரம் கழுவியிருப்பாங்க."

"கடையில ஏது பாத்திரம்? ரெண்டு டீ கிளாஸ்." மடிப்பை விரலால் நீவினார். "நெட்டையன் எப்படிப்பட்ட ஆளு?"

"எனக்கென்னண்ணே தெரியும்?"

"ரெண்டு பேருமாச் சேர்ந்து துவைக்கிற வேலையும் எடுத்திருக்காங்கன்னு நெனைக்கறேன். எனக்குச் சொல்லாம. துவைக்கறது அங்க, தேய்க்கறது அங்க, சும்மா பேருக்குக் கொஞ்சம் எனக்கு. நாளைக்கு அந்தக் கொஞ்சமும் வராது."

அதற்கு மேல் நினைத்ததை அவர் சொல்லவில்லை. ஒரு வேலை இருப்பதாகச் சாக்குச் சொல்லி கடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். எனக்கும் பார்க்க ஆசைதான்.

மறுநாள் நீளம் குறைத்த இரண்டு கால்சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்குள் வெந்த துணியின் வாடையும் நனைந்த குடையின் வாடையும் கலந்து அடித்தது. கயிற்றில் ஈரச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சோப்பு மணத்தோடு. நெட்டையன் தலை நிமிரவில்லை. சட்டையை வீசிப் போட்டு, காலர், தோள், கை, முதுகு என்று அவன் போகிற வேகத்தைப் பார்த்தால் அவனுக்கு வேறு நினைப்பு எதற்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. அண்ணி ஒருவருக்குச் சீட்டு எழுதிக்கொண்டே இன்னொருவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன நாத்தனாரே, துப்பறிய வந்தியா?"

"கால்சட்டைக்கு மடிப்புப் போடணும்."

"உன் வீட்ல இஸ்திரிப் பெட்டி செத்துப்போச்சா?"

அசடு வழிந்தேன். பின்பக்கம் ஒரு வாளி, ஒரு தொட்டி. தொட்டியில் தண்ணீர் இருந்தது. மேல் தட்டில் பழைய மூட்டைகள். ஊரை விட்டுப் போனவர்கள், மறந்தவர்கள், வாங்க வராதவர்களின் துணி அது. எல்லா இஸ்திரிக் கடையிலும் இருக்கும், எறியவும் முடியாது, விற்கவும் முடியாது. அந்தத் தட்டில் பாதி காலியாக இருந்ததை அப்போது கவனித்தேன். ஆனால் அதை வைத்து எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, ஒன்றும் இல்லண்ணே, அவங்கபாட்டுக்கு வேலை செய்றாங்க என்றேன். அவர் நம்பவில்லை. நான் அண்ணி பக்கம் சாய்ந்துவிட்டேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் அவர் வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு கட்டம் போட்ட சட்டை.

"இந்தப் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பாரு."

விரலை விட்டேன். பாக்கெட்டுக்குள் இன்னொரு சின்னப் பாக்கெட். தடித்த துணி, இரட்டைத் தையல். அது என் தையல். கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர் தெருவின் அந்தக் கோடியில் இருந்தார். கண்ணில் வைக்கிற கண்ணாடி பாக்கெட்டில் கிடந்து கீறல் விழுகிறது என்று எல்லாச் சட்டையிலும் இப்படி ஒன்று வைத்துத் தரச் சொன்னார். நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

"கடிகாரக்காரர் சட்டை," என்றேன்.

"அவர் எங்க இருக்காரு?"

"அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே. நீங்க விழறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"செத்தவருக்கு எதுக்குத் தங்கச்சி இஸ்திரி?"

எனக்கு அந்தப் பாதி காலியான தட்டு ஞாபகம் வந்தது. தொட்டித் தண்ணீர், ஊறிய விரல், ஒரே சோப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. என் முகத்தை வைத்தே அவர் புரிந்துகொண்டிருப்பார். இல்லை, முன்பே புரிந்துதான் வந்திருப்பார்.

"ஒருத்தர் போட்டுக் கழட்டின சட்டையில முழங்கைக்கு உள்பக்கம் சுருக்கம் விழும்," என்றார் மெதுவாக. "உக்காந்து எழுந்த சுருக்கம் முதுகுக்குக் கீழ இருக்கும். இதுல எங்க பாத்தாலும் ஒரே மாதிரி முறுக்கின சுருக்கம். ரொம்ப நாளாவே கைக்குத் தட்டுப்பட்டுச்சு. நான்தான் என் இடது கை பழகலைன்னு நெனைச்சேன். நனைச்சு, முறுக்கி, இஸ்திரிச் சூட்டுல காய வெச்சுக் கொண்டு வர்றா. நான் தேய்ச்சதைத்தான் மறுபடியும் எனக்கே கொண்டு வர்றா."

"இருக்காதுண்ணே," என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல்தான் சொன்னேன்.

"இருக்காதுன்னு நானும் பாக்கணும்."

அன்று பகல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருகல் வாடை வந்தது. பதறிப் போய்ப் பார்த்தால் அவர் அமைதியாக நின்றிருந்தார். ஒரு நீலச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தாமல் அப்படியே விட்டிருந்தார். பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. அதை மடித்து, காலரை நிமிர்த்தி, மூட்டையில் நடுவில் வைத்தார். ஒன்றும் கேட்காதே என்பது போல என்னைப் பார்த்தார்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அண்ணி என்னையும் டீக்குக் கூப்பிட்டாள். ரொட்டியைச் சுட்டு, மேலே சர்க்கரை தூவி வைத்திருந்தாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. மடிப்புக்காரர் ரொட்டியைத் தொடவில்லை.

"அந்த நீலச் சட்டை யாருது?" என்று கேட்டார்.

"எது? ஓ, அதுவா. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தரோடது."

"வாங்கிட்டுப் போயிட்டாரா?"

"காலையிலேயே வந்துட்டாரே. பிரிச்சுப் பாத்துட்டு, உங்க வீட்டுக்காரர் கை திரும்பி வந்துடுச்சு போல, பழைய மடிப்பு அப்படியே இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு." அண்ணி ரொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "எடு நாத்தனாரே, ஆறிடும்."

"முதுகுல பெட்டி அளவுக்குக் கருகியிருந்துச்சே," என்றார் அவர். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

அண்ணியின் கை ரொட்டித் தட்டிலேயே நின்றது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளாத்தான்."

"பொய்."

"முதல் வாரம் நெசமான துணிதான் குடுத்தேன்." அண்ணியின் குரல் தாழ்ந்தது. "அந்த நர்ஸம்மா சீருடையை ரெண்டு இடத்துல பொசுக்கிட்டீங்க. மறுநாள் போட வேற இல்லைன்னு கடையில நின்னு அழுதாங்க. வக்கீல் கோட்டுல பளபளன்னு தேய்ஞ்சு போச்சு. அவர் தொடாம இருந்தாக் குடுக்கறோம், இல்லைன்னா வேற கடை பாத்துக்கறோம்ங்கறாங்க. இதை வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லச் சொல்றீங்களா?"

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா? மறுபடி சுவரைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. நான் வெச்ச சோத்தை நானே கொட்டிட்டு இருந்திருப்பேன்."

"உனக்கும் நெட்டையனுக்கும் ஏதோன்னு நெனைச்சேன்."

"நெட்டையனுக்கா?" அண்ணி சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "அந்த ஆளு எனக்குத் துணியை முறுக்கித் தந்துட்டு, கூலிகூட வேணாம்னுட்டுப் போறான்."

"அது நெசமா இருந்திருந்தாக்கூட அழுது தீர்த்திருப்பேன். நான் பகலெல்லாம் நின்னு செஞ்சதை நீ சாயங்காலம் தண்ணியில போட்டு ஒண்ணுமில்லாம ஆக்கியிருக்க. தெனமும். ஆக்கிட்டு, வக்கீல் பாராட்டினாருன்னு வந்து சொல்லியிருக்க. நான் அதை நம்பி ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருக்கேன்."

"நான் சந்தோஷமாவா கசக்கினேன்?" அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாள் முழுக்கக் கடையில நின்னுட்டு, அப்புறம் உங்களுக்கு வேலை தயார் பண்ற வேலை. அது எனக்கு வேலை இல்லியா? நீங்க ஒரு கையால அவ்வளவு பாடுபட்டு மடிச்சதைப் பிரிக்க எனக்குக் கை வராது. நெட்டையன்தான் முதல்ல பிரிச்சு உதறுவான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். பிரிச்சதுக்கப்புறம்தான் தண்ணியில போடுவேன். நீங்க கருக்கின மூட்டையை இன்னும் பிரிக்கவே இல்ல."

அவர் எழுந்து ஜன்னலோர மேசையில் இருந்த இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். பெட்டியைச் சுற்றி ஒயரைச் சுற்றி, நுனியை ஒழுங்காகச் செருகி, அலமாரியின் அடியில் வைத்தார். கோபத்திலும் ஒயரை ஒழுங்காகத்தான் சுற்றினார்.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் மிஷினும் ஓடமாட்டேன் என்றது. நாற்காலி மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அண்ணி காலையில் போவாள், சாயங்காலம் வருவாள், கை ஊறாமல் வருவாள். இரண்டு பேரும் பேசுவது கேட்கவில்லை. ஒரு முட்டை கூட வேண்டாம் என்கிறார் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி மேடைக்கு ஒரு திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். தைத்த ஓரங்களை இஸ்திரி போட்டு அமுக்க வேண்டும், அது எனக்கு உண்மையிலேயே பெரிய வேலை. அள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன்.

"இதை அமுக்கித் தாங்கண்ணே. எனக்கு ரெண்டு நாள் மிச்சமாகும்."

அவர் தையலைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் பார்த்தார். ஒரு இடத்தில் நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"அவகிட்ட பேசிட்டியா?"

"இது என் வேலைண்ணே. பள்ளிக்கூடத்துக்கு வேணும்னா போன் போட்டுக் கேட்டுக்கங்க."

"போன் எடுக்கிறவனுக்கும் சொல்லி வெச்சிருப்பீங்க. நீயே தைச்சு, நான் அமுக்கினதும் நீயே பிரிச்சுப் போட்டுக்குவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் தையலை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிரித்துத் தைக்க எனக்கென்ன பைத்தியமா, உங்களுக்காக நான் ஏன் என் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"எனக்கு இப்ப எதைப் பாத்தாலும், யாரோ எனக்காகக் கசக்கி வெச்ச மாதிரி இருக்கு தங்கச்சி," என்றார். "நான் என்ன பண்ண?"

திரைச்சீலையை நானே அமுக்கினேன். அமுக்குகிறபோதெல்லாம் பயமாக இருந்தது. அண்ணி செய்தது அவருடைய கையிலிருந்த வேலையை மட்டும் எடுத்துவிடவில்லை, இனி வரப்போகிற எந்த வேலையையும் நம்ப முடியாமல் செய்துவிட்டது. நல்லதை நினைத்துத்தான் செய்தாள். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

கடைசியில் வந்து நின்றது நெட்டையன். குடை இல்லாமல் நனைந்து வந்து, வாசலில் குனிந்து நின்று, உள்ளே வரமாட்டேன் என்று தலையாட்டினான். என் கதவு திறந்துதான் இருந்தது.

"அண்ணே, விடுதித் துணி மலையா வந்து கிடக்கு. ஒண்ணும் காயல. எனக்குச் சோறு திங்க நேரமில்ல. வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா இருங்க."

"அவ அனுப்பினாளா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சாத் திட்டுவாங்க. உங்க கை மேல அவங்களுக்கு நம்பிக்கை இல்ல." நெட்டையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கும் இல்ல. சட்டை எல்லாம் தர மாட்டேன். தலையணை உறை மட்டும். கருகினா நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன், நீங்கதான் கருக்கினீங்கன்னு சொல்லிடுவேன்."

இப்படியா ஒருவனை வேலைக்குக் கூப்பிடுவது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டிப் பார்த்தால், மடிப்புக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் கடைக்குள் நுழைந்ததும் அண்ணி நெட்டையனைப் பார்த்த பார்வை நன்றாக இல்லையாம். மேசையின் கடைசி மூலையில் அவருக்கு இடம். விடுதித் தலையணை உறை வெள்ளை, மட்டமான துணி, முரட்டுத்தனமாகச் சுருங்கும். ஈரத்தோடு வந்தது, ஊர்பேர் தெரியாதவர்களின் தலையெண்ணெய் வாடையோடு வந்தது. வலது கையால் துணியின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் பெட்டியை ஓட்டினார். நெட்டையன் மூன்று முடிக்கிற நேரத்தில் அவர் ஒன்று முடித்தார். நான் கால்சட்டைச் சாக்கோடு தினமும் போய்ப் பார்த்தேன். அண்ணியும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது விடுதி மேலாளர் வந்தார். குடையைக் கூட மடக்காமல் கல்லா மேல் தலையணை உறைக் கட்டு ஒன்றை வீசினார்.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

அண்ணிக்குப் பழைய பழக்கம். "நெட்டையன்தாங்க," என்றாள். நெட்டையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்துகொண்டான்.

"நான்தான்," என்றார் மடிப்புக்காரர் மூலையிலிருந்து.

"நீங்களா? உங்களுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன். வருத்தம்தான். அதுக்காக இதைப் போட்டுத் தலை வைக்கச் சொல்ல முடியுமா? ஓரத்துல ஓரம் சேரல. நடுவுல ரெட்டைக் கோடு. தங்க வந்தவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டறான். எனக்கு இது ஆகாது."

உறைகளை அங்கேயே விட்டுவிட்டு, வாசலில் இருந்த தன் ஆளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே மழையில் இறங்கிப் போனார். அவருடைய ஆள் கடையில் இன்னும் தேய்க்காமல் கிடந்த விரிப்பு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அண்ணி தடுக்கப் பார்த்தாள், அவன் நிற்கவில்லை.

மடிப்புக்காரர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்தாளை இவ சொல்லி வெச்சு வரச் சொல்லியிருப்பாளோ?"

"எதுக்கு?"

"என்னைத் திட்டறதுக்கு. பாராட்டினா நம்ப மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. போய்ப் பாரேன். எங்க போறான்னு பாரு."

அந்த மனுஷனை என்ன செய்வது? போனேன். மழையில் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி, பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிற இன்னொரு இஸ்திரிக் கடை வரை போனேன். மூட்டைகள் அங்கே இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கடைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு மேலாளருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இனிமே எல்லாமே இங்கதான் என்று மேலாளர் சொன்னது என் காதில் விழுந்தது.

திரும்பி வந்து சொட்டச் சொட்ட நின்று சொன்னேன். அண்ணி காதிலும் விழுந்தது.

"எல்லாத்தையும் அங்க இறக்கிட்டாரு அண்ணே. இனிமே அங்கதானாம்."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

மடிப்புக்காரர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாதிப் பொழைப்பு போயிடுச்சு, சிரிக்கிறீங்களா?" அண்ணி கல்லாவை விட்டு வந்துவிட்டாள். கையில் அந்தக் கட்டு. அதை அவர் மேசையில் போட்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. இதை யாரும் நடிக்க முடியாது. "யாரோ அயலூர்க்காரன் காட்டித்தான் உங்களுக்குத் தெரியணுமா? இதே லட்சணத்துல இன்னொரு நாள் போட்டீங்கன்னா புருஷன்னு பாக்க மாட்டேன். வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடுவேன், ஆமா."

"சரி," என்றார் அவர். "எந்த ஓரம் சேரல, காட்டு."

அவள் ஒரு உறையைப் பிரித்து உதறி, ஓரத்தைச் சுண்டிக் காட்டினாள். அவர் குனிந்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஆமா, மோசம்தான்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளித்தார்.